12 இலக்க மேசைக் கல்குலேட்டர் ஒன்னு, ராமானுஜன் லிஸ்ட்ல விட்டுப்போன நம்பர போட்டு தட்டிப் பார்த்த ரிவியூ

இலங்கை மலையகத்துல ஹட்டன் டவுன்ல கொப்பி பேனை விக்கிற ஒரு கடையில எடுத்த மேசைக் கல்குலேட்டர் பத்தின ரிவியூ இது. 12 இலக்கம், சோலாரும் இருக்கு பட்டன் பேட்டரியும் இருக்கு, விலை 2300 ரூவா. கம்பெனி பேர நான் போடல, ஏன்னா பொட்டியில ஒரு பேர் அடிச்சிருக்கு, கல்குலேட்டர் நெத்தியில வேற பேர் அடிச்சிருக்கு, ரெண்டுல எது அப்பன் வச்ச பேர்னு கடைக்காரருக்கே தெரியல. ஆனா இந்த மாதிரி சாமான் நம்ம டவுன்ல எல்லா கடையிலயும் ஒரே அச்சுல தான் கெடக்குது, பேர் மாறினாலும் உள்ளுக்கு இருக்கிறது ஏறக்குறைய ஒன்னுதான், அதனால நான் சொல்ற விஷயம் உங்களுக்கும் உதவும்னு நெனைக்கிறேன்.

நமக்கு வேலை தேயிலைத் தோட்டத்து ஆபீஸ்ல செக்ரோல் கணக்கு, அதாவது தொழிலாளிங்க வேலையும் சம்பளமும் எழுதுற பதிவு. பேர் (ஒரு ஆளோட ஒரு நாள் வேலை), அரைப் பேர், கொழுந்து கிலோ, கைக்காசு, மாசக் கடைசியில ஈபிஎஃப் ஈடிஎஃப் (ஊழியர் சேமலாப நிதி, நம்பிக்கை நிதி), இதுதான் நாள் முழுக்க. ஒரு ஆளுக்கு 17.5 பேர் விழுந்திருக்கு, ஒரு பேர் 1350னு வச்சுக்கிட்டா 23625, இப்படி வரிசையா அடிச்சுக்கிட்டே போகணும். ஃபோன்ல கல்குலேட்டர் இல்லையான்னு கேப்பீங்க, இருக்கு, ஆனா ஃபோன்ல அடிச்சா விரல் எங்க போகுதுன்னு கண்ணால பார்த்துக்கிட்டே இருக்கணும், நடுவுல ஒரு கோல் வந்தா கணக்கு போச்சு. மேசைக் கல்குலேட்டர்ல கண்ணு செக்ரோல்ல இருக்கும், கை தானா அடிக்கும்.

இப்ப டெஸ்டுக்கு வர்றேன். எந்த கல்குலேட்டர் எடுத்தாலும் காசு குடுக்க முன்னுக்கு கடையிலயே வச்சு ஒரு நம்பர அடிச்சுப் பார்க்கிறது என் பழக்கம். அந்த நம்பர் 293318625600. எண்ணிப் பாருங்க, சரியா 12 இலக்கம், ஸ்கிரீன்ல ஒரு கட்டம் கூட மிச்சம் இல்லாம நெறஞ்சு நிக்கும், அதனால எந்த கட்டத்துல கோடு விழுந்திருக்கு எது மங்கல்னு அப்பவே தெரிஞ்சிடும். நம்ம வழக்கத்துல சொன்னா 29331 கோடியே 86 லட்சத்து 25 ஆயிரத்து 600. கவுன்டர்ல இருந்த தம்பி எட்டிப் பார்த்துட்டு "என்னண்ணே, நாட்டு கடனா?"ன்னு கேட்டான். இல்லடா தம்பி இது ராமானுஜன் விட்டுப்போன நம்பர்னு சொன்னேன், எந்த ராமானுஜன், மொபைல் கடை வச்சிருக்காரே அவரான்னு கேட்டான், சரி விடுன்னுட்டேன்.

கும்பகோணத்துல வளர்ந்த கணித மேதை ராமானுஜன், 1887ல பொறந்து 1920ல 32 வயசுல போய்ச் சேர்ந்தவரு, அவரைத்தான் சொல்றேன். அவரும் 1912ல மெட்ராஸ் போர்ட் ட்ரஸ்ட்ல மாசம் 30 ரூவாவுக்கு கணக்கு கிளார்க்கா இருந்தவருதான்ங்கிறதுல நம்ம மாதிரி ஆபீஸ் கணக்கு எழுதுற ஆளுங்களுக்கு ஒரு சின்ன பெருமை. 1914ல இங்கிலாந்து போனாரு, 1915ல லண்டன் கணிதச் சங்கத்தோட சஞ்சிகையில ஒரு பெரிய கட்டுரை போட்டாரு. அது எதைப் பத்தின்னா, தனக்கு கீழ இருக்கிற எல்லா எண்ணையும் விட கூடுதலா காரணி வச்சிருக்கிற எண்கள் பத்தி. உதாரணத்துக்கு 12, அதுக்கு 1, 2, 3, 4, 6, 12னு 6 காரணி, 12க்கு கீழ எந்த எண்ணுக்கும் 6 காரணி கெடையாது. அடுத்தது 24, அதுக்கு 8. அப்புறம் 36, 48, 60, 120னு போகும். இதுதான் அந்த குடும்பம். முதன்மை எண்ணுக்கு நேர் எதிர்ப்பக்கம்னு வச்சுக்கங்க, அதுக்கு 1ம் தானும் தவிர வேற ஆளே கெடையாது, இதுக்கு வீடு நெறய சொந்தக்காரங்க.

அந்த கட்டுரையில நூத்துக்கு மேல நம்பர் போட்டு ஒரு அட்டவணை குடுத்திருக்காரு, கடைசி நம்பர் 6746328388800. எல்லாம் கையால போட்ட கணக்கு, அந்த காலத்துல இந்த 2300 ரூவா பொட்டி எங்க இருந்திச்சு. அவ்வளவு பெரிய லிஸ்ட்ல ஒரே ஒரு நம்பர் மட்டும் விட்டுப்போச்சு, அதுதான் நம்ம 293318625600. அவரோட லிஸ்ட்ல 195545750400 இருக்கு, அதுக்கு 4608 காரணி. அடுத்ததா 321253732800 இருக்கு, அதுக்கு 5376 காரணி. இந்த ரெண்டுக்கும் நடுவுல 5040 காரணியோட நம்மாளு சத்தமில்லாம நிக்கிறாரு.

சரி கல்குலேட்டர் என்ன செஞ்சுதுன்னு பார்ப்போம். மொத டெஸ்ட், தொடர்ந்து வகுக்கிறது. நம்பர அடிச்சுட்டு ÷ 2 = போட்டு, அதுக்கப்புறம் = மட்டும் அமுக்கிக்கிட்டே போனா இந்த மெஷின் திரும்ப திரும்ப 2ஆல வகுக்கும், சில மாடல்ல இந்த வசதி இல்ல, இதுல இருக்கு. மொத்தம் ஆறு தடவை 2ஆல போகுது, 4583103525ல வந்து நிக்கும், கடைசி இலக்கம் 5, இனி 2ஆல போகாது. அப்புறம் ÷ 3, நாலு தடவை, 56581525. அப்புறம் 5ஆல ரெண்டு தடவை, 2263261. 7ஆல ரெண்டு தடவை, 46189. அதுக்கு மேல 11ஆல ஒருக்கா 4199, 13ஆல ஒருக்கா 323, 17ஆல ஒருக்கா 19, 19ஆல ஒருக்கா, ஸ்கிரீன்ல தனியா 1 மட்டும் நிக்கும். நடுவுல எந்த பட்டன் கள்ளம் பண்ணியிருந்தாலும், ரெண்டு தடவை பதிஞ்சிருந்தாலும், பதியாம போயிருந்தாலும், அந்த 1 வராது, புள்ளிக்குப் பின்னால எதாச்சும் குப்பை வந்து நிக்கும். இதனாலதான் இந்த நம்பர் எனக்கு இஷ்டம், ஒரே ஓட்டத்துல மெஷினோட வண்டவாளம் தண்டவாளத்துல ஏறிடும்.

இந்த பீஸ்ல சுத்தமா 1 வந்திச்சு. மொதல்ல எடுத்துக் குடுத்த பீஸ்ல வரல, அதுல 3 பட்டன் ஒரு அமுக்குக்கு ரெண்டு 3 போடுது, அதை திருப்பி குடுத்துட்டு வேற கேட்டதுக்கு முதலாளி மொகம் கொஞ்சம் கறுத்துச்சு, ஆனா மாத்தி குடுத்தாரு. நம்பர்லயும் வகுத்த எண்கள்லயும் சேர்த்துப் பார்த்தா 0ல இருந்து 9 வரைக்கும் எல்லா பட்டனும் டெஸ்ட் ஆயிடுது, 4ஐத் தவிர. 4க்கு தனியா 44 × 4 அடிச்சுப் பார்த்தேன், பாவம் அதுவும் நல்லாதான் இருக்கு.

காரணி 5040ன்னு எப்படி வந்திச்சுன்னு கேட்டா, அதை ஒவ்வொன்னா எழுதி எண்ண தேவையில்ல. நம்பர்ல ஆறு 2, நாலு 3, ரெண்டு 5, ரெண்டு 7, அப்புறம் 11, 13, 17, 19 ஒவ்வொன்னு. ஒரு காரணி செய்யணும்னா இதுல இருந்து சோத்துக் கடையில கறி எடுக்கிற மாதிரி எடுக்கலாம், 2ஐ எடுக்காமலே விடலாம், ஒன்னு எடுக்கலாம், ஆறு வரைக்கும் எடுக்கலாம், ஆக 7 வழி. 3க்கு அதே மாதிரி 5 வழி, 5க்கு 3, 7க்கு 3, மிச்சம் நாலுக்கும் எடுக்கிறதா வுடுறதான்னு ரெண்டு ரெண்டு வழி. 7 × 5 × 3 × 3 × 2 × 2 × 2 × 2 அடிச்சா 5040. ஓ/எல் (சாதாரண தரப் பரீட்சை) படிக்கிற புள்ளைகளுக்கே இது புரியும், சுட்டி விதி தெரிஞ்சா போதும்.

அந்த 5040ம் லேசுப்பட்ட ஆள் இல்ல. அதுவே ராமானுஜன் லிஸ்ட்ல இருக்கிற நம்பர், அதுக்கு 60 காரணி. 60ம் லிஸ்ட்ல இருக்கு, அதுக்கு 12. 12க்கு 6, 6க்கு 4, 4க்கு 3, 3க்கு 2. பன்னெண்டு இலக்கத்துல இருந்து எறங்கி ஏழே படியில 2க்கு வந்துடுது, வழியில 3ஐ மட்டும் தவிர மத்த எல்லாமே அந்த குடும்பத்து ஆளுங்க. இதை நான் மருமகளுக்கு சொன்னப்போ "மாமா இத எக்ஸாமுக்கு கேப்பாங்களா?"ன்னு கேட்டா. கேக்க மாட்டாங்க. ஓ/எல் கணிதத்துக்கு கல்குலேட்டரே கொண்டு போக ஏலாது, மடக்கை (லாக்) அட்டவணையத்தான் பொரட்டணும். அதுலயும் ஒரு வெளையாட்டு இருக்கு, இந்த நம்பரோட மடக்கை 11.4673, சிறப்பியல்பு, அதாவது புள்ளிக்கு முன்னுக்கு நிக்கிறது, 11ன்னா இலக்கம் 12, அதாவது இந்த மெஷின்ல அடங்குமா அடங்காதான்னு வாங்க முன்னுக்கே அட்டவணை சொல்லிடும்.

அடுத்து டிஸ்பிளே. மூணு மூணு இலக்கத்துக்கு மேல ஒரு சின்ன குறி வருது, 293,318,625,600ன்னு பிரிச்சுக் காட்டும். நெறய பேர் இதை அலங்காரம்னு நெனைப்பாங்க, எனக்கு இதுதான் இந்த மெஷின்ல ரொம்ப பிடிச்ச விஷயம். எப்படின்னா, பிரிஞ்சு நிக்கிற நாலு துண்டுல ஒன்னு விட்டு ஒன்னு கூட்டுங்க. 293ம் 625ம் 918. 318ம் 600ம் 918. ரெண்டு பக்கமும் தராசு மட்டமா நிக்குதா, அப்படின்னா அந்த நம்பர் 1001ஆல மீதியில்லாம போகும். 1001ன்னா 7 × 11 × 13. ஆக மூணு முதன்மை எண்ணால வகுபடும்ங்கிறத ஒரு பட்டனும் அமுக்காம கண்ணாலயே பார்த்துடலாம். காரணம் பெருசா ஒன்னும் இல்ல, 1000ங்கிறது 1001க்கு ஒன்னு குறைவு, அதனால ஒவ்வொரு ஆயிரம் தள்ளும்போதும் கூட்டல் கழித்தலா மாறி மாறி வருது. நாலு துண்டையும் மொத்தமா கூட்டினா 1836, அது 27ஆல போகும், 27 முப்பத்தேழு 999, அதனால நம்பரும் 27ஆல போகும். இலக்கம் எல்லாத்தையும் கூட்டினா 45, 9ஆல போகுதுன்னு சின்ன கிளாஸ்லயே படிச்சிருப்போம்.

1ல இருந்து 22 வரைக்கும் எந்த எண்ணால வேணும்னாலும் இந்த நம்பர வகுக்கலாம், மீதி வராது. 23ல மாட்டும். இங்கதான் இந்த மெஷினோட ஒரு பொறியையும் சொல்லணும். மேல ரெண்டு தள்ளுற சுவிட்ச் இருக்கு, ஒன்னுல எஃப், கட், 5/4ன்னு போட்டிருக்கும், மத்ததுல 4, 3, 2, 0, ஏன்னு போட்டிருக்கும். கடையில இருந்து வரும்போது சுவிட்ச் 5/4லயும் 0லயும் நிக்குது, அதாவது தசமம் காட்டாம கிட்டின முழு எண்ணுக்கு ரவுண்ட் பண்ணிடும். அப்படியே வச்சு 23ஆல வகுத்தா 12752983722ன்னு முழு எண்ணா காட்டும், பார்க்கிறவன் 23ம் காரணின்னு நம்பிடுவான். ரவுண்ட் பண்ணாம தசமத்தையும் காட்டுற எஃப்ல போட்டாத்தான் 12752983721.7ன்னு உண்மை வெளிய வரும், ஒரே ஒரு தசமத்துக்குத்தான் எடம் இருக்கு, ஆனா அது போதும். மீதி எவ்வளவுன்னு வேணும்னா 12752983721ஐ 23ஆல பெருக்கி நம்ம நம்பர்ல இருந்து கழிச்சா 17. கடை வச்சிருக்கிறவங்களுக்கு சதம் வராம மட்டமா காட்டுறது வசதியா இருக்கலாம், ஆனா சம்பளக் கணக்குல மெஷின் தன் இஷ்டத்துக்கு ரவுண்ட் பண்றது ஆபத்து, அதனால வாங்கின ஒடனே எஃப்ல தள்ளி அதுக்கு மேல ஒரு துண்டு டேப்ப ஒட்டிடுங்க. பொட்டியில இருக்கிற தாள்ல இதப் பத்தி ஒரு வரி கூட இல்ல, அதுக்கே ஸ்டார் கொறைக்கணும்.

23ஆல பெருக்கினா என்ன ஆகும்னு பார்த்தேன். பெருக்கினா வர்றது ராமானுஜன் லிஸ்டோட அந்த கடைசி நம்பர், 6746328388800, அதுக்கு 10080 காரணி, நம்மாளுக்கு இருக்கிறதுல சரியா ரெண்டு மடங்கு, ஏன்னா புதுசா வந்த 23ஐ எடுக்கலாம் விடலாம்னு ரெண்டு வழி. விட்டுப்போனவரும் கடைசியில நிக்கிறவரும் நேரடி சொந்தம்ங்கிறது எனக்கு இன்னமும் ஆச்சரியம்தான். மெஷினால அது ஏலாது, 13 இலக்கம், மூலையில ஈன்னு ஒரு எழுத்து விழுந்து 6.74632838880ன்னு காட்டிட்டு மொடங்கிடும், எல்லாத்தையும் அழிக்கிற ஏசி பட்டன அமுக்குற வரைக்கும் வேற எந்த பட்டனும் எடுக்காது. நல்ல விஷயம் என்னன்னா பொய் சொல்லல, எடம் இல்லன்னு சொல்லிட்டு நின்னுடுச்சு. அந்த தசமத்தைப் பார்த்து 12 எடம் தள்ளினா நம்பர் கெடைக்கும், இதுல கடைசி இலக்கம் பூச்சியமா இருக்கிறதால ஒன்னும் தொலையல, ஆனா எல்லா நம்பருக்கும் அப்படி அமையாது.

மருமகள்கிட்ட ஒரு சயன்டிஃபிக் கல்குலேட்டர் இருக்கு, ஏ/எல் (உயர்தரப் பரீட்சை) எடுக்கிற அக்கா குடுத்தது, ஒரு எண்ணை முதன்மைக் காரணியா பிரிச்சுக் காட்டுற பட்டனும் இருக்கு. ஒப்பிட்டுப் பார்க்கலாம்னு அதுல அடிச்சா 2.933186256 × 10 இன் 11ம் வலுன்னு சுருக்கிடுச்சு, காரணி பட்டன அமுக்கினா எரர். அது 10 இலக்கம் வரைக்கும்தான் பிரிக்குமாம். ஆக விலை கூடின மெஷின் கைய விரிச்ச எடத்துல நம்ம கடைப் பொட்டி கையாலயாவது பிரிச்சுக் குடுத்திச்சு.

இனி வர்க்கமூலப் பட்டன். கணக்கு எழுதுற எங்களுக்கு அது எதுக்குன்னு நானும் கேட்டிருக்கேன், ஆனா இந்த டெஸ்ட்ல அதுதான் ஹீரோ. நம்பர அடிச்சு √ அமுக்கினா 541588.982ன்னு ஆரம்பிச்சு வரும். முழு எண் இல்ல, ஆனா 541589க்கு ரொம்ப கிட்ட. சரின்னு 541589ஐ வர்க்கிச்சேன், 293318644921, அதுவும் 12 இலக்கத்துக்குள்ள அடங்கிடுச்சு. அதுல இருந்து நம்ம நம்பர கழிச்சா 19321. அதுக்கு √ அமுக்கினா, ஸ்கிரீன்ல சுத்தமா 139. புள்ளி இல்ல, பின்னால ஒன்னும் இல்ல, வெறும் 139. அந்த எடத்துல ஒருக்கா செக்ரோல மூடி வச்சுட்டேன்.

இதோட அர்த்தம் என்னன்னா நம்ம நம்பர் ரெண்டு வர்க்கத்தோட வித்தியாசம், 541589 வர்க்கம் கழி 139 வர்க்கம். அப்போ (541589 − 139) × (541589 + 139), அதாவது 541450 × 541728. பெருக்கிப் பாருங்க, 293318625600 வரும். பெரிய எண்ணை இப்படி வர்க்க வித்தியாசமா எழுதி பிரிக்கிற முறை 17ம் நூற்றாண்டுல ஃபெர்மாங்கிற பிரெஞ்சுக்காரர் சொன்னது, சாதாரணமா மேல மேல ஏறி எத்தனையோ எண்ண போட்டுப் பார்க்கணும், இங்க மொத எண்ணுலயே விழுந்திடுச்சு. 5040 காரணியையும் ஜோடி ஜோடியா நிறுத்தினா 2520 ஜோடி, அதுல ஒருத்தரோட ஒருத்தர் ரொம்ப ஒட்டி நிக்கிற ஜோடி இதுதான், வித்தியாசம் 278 மட்டும்தான். இன்னொரு அழகு, 541450ஐ பிரிச்சா ஒரு 2, ரெண்டு 5, ரெண்டு 7, 13, 17. 541728ஐ பிரிச்சா அஞ்சு 2, நாலு 3, 11, 19. 2ஐத் தவிர ஒருத்தர்கிட்ட இருக்கிறது மத்தவர்கிட்ட இல்ல, பாகப்பிரிவினை பண்ணி விட்ட மாதிரியே இருக்கு. ஆயிரக்கணக்குல காரணி வச்சிருக்கிற எண்ணுக்கு நடுவுல இப்படி ஒரு ஜோடி அமையிறது பெரிய அதிசயம்னு சொல்ல மாட்டேன், நெறய காரணி இருந்தா எங்கயாச்சும் நெருங்கித்தான் ஆகணும், ஆனா பட்டன அமுக்கி அந்த 139 வந்து நிக்கும்போது வர்ற சந்தோஷம் வேற.

ராமானுஜன் லிஸ்ட்ல அடுத்து வர்றவர் யாருன்னும் மெஷின்லயே பார்க்கலாம். நம்ம நம்பர்ல இருந்து ஒரு 3ம் ஒரு 7ம் கழட்டிட்டு 23ஐ மாட்டுங்க, ÷ 21 × 23. 321253732800 வரும். நம்பர் பத்து வீதம் கூட ஏறல, காரணி மட்டும் 5040ல இருந்து 5376க்கு போயிடுச்சு. சின்ன முதன்மை எண்ண கூட வச்சுக்கிறதா, பெரிய முதன்மை எண் ஒன்ன புதுசா சேர்க்கிறதாங்கிற பேரம்தான் அந்த கட்டுரை முழுக்க. சின்ன முதன்மை எண்ணோட வலு, அதாவது அது எத்தனை தடவை வருதுங்கிறது, எப்பவும் பெரிய முதன்மை எண்ணோட வலுவுக்கு கொறையாது, கடைசியா நிக்கிற முதன்மை எண் 4லயும் 36லயும் தவிர மத்த எல்லாத்துலயும் ஒரே ஒரு தடவைதான் வரும்ங்கிறதையும் அவரு அதுல நிறுவியிருக்காரு. நம்ம நம்பர்ல பாருங்க, 6, 4, 2, 2, 1, 1, 1, 1, சொன்ன மாதிரியே எறங்குது. அந்த கட்டுரைக்குத்தான் 1916ல கேம்பிரிட்ஜ்ல அவருக்கு பட்டம் குடுத்தாங்க. சங்கத்துல அச்சடிக்க காசு முடையா இருந்ததால ஒரு பகுதிய போடாமலே விட்டு, அது 1997லதான் வெளிய வந்திச்சு. காசு தட்டுப்பாடு நம்ம ஆபீஸ்ல மட்டும்தான்னு நெனைச்சிட்டு இருந்தேன்.

மத்த விஷயம் எல்லாம் வெரசா சொல்லிடுறேன். வீதம் பட்டன் நல்லா வேலை செய்யுது, 29700 × 8 % அடிச்சா 2376, ஈபிஎஃப்ல தொழிலாளி பங்கு, 12 போட்டா 3564, ஈடிஎஃப் 3 போட்டா 891. ஜிடி பட்டன் = போட்ட எல்லா விடையையும் தானா கூட்டி வச்சுக்கும், அது வரமும் சாபமும், பழைய கணக்க ஏசி போட்டு அழிக்காம புதுசு ஆரம்பிச்சா ரெண்டும் சேர்ந்துடும். செக் பட்டன் 120 ஸ்டெப் வரைக்கும் பின்னால போய் பார்க்கலாம்னு பொட்டியில போட்டிருக்கு, தோட்டத்துல ஒரு டிவிஷன் (பிரிவு) ஆளுங்க கணக்க அடிச்சுட்டு திரும்பிப் பார்க்க நல்ல வசதி. 1 ÷ 3 × 3 அடிச்சா 0.99999999999ன்னு வருது, இந்த ரக மெஷின் எல்லாத்துலயும் அப்படித்தான், முழு எண்ணா இருக்கிற வரைக்கும் கணக்கு கல்லு மாதிரி, பின்னத்துல கால் வச்சா கொஞ்சம் வழுக்கும்.

சோலாருக்கு பெருசா நம்பிக்கை வைக்காதீங்க. ஹட்டன், கொட்டகலை, தலவாக்கலை பக்கம் மழை மாசத்துல மூடுபனி எறங்கினா பகல் ரெண்டு மணிக்கே ஆபீஸ்ல லைட் போடணும், அந்த வெளிச்சத்துல மெஷின ஓட்டுறது பேட்டரிதான். பேட்டரி கழட்ட பின்னால சின்ன மூடி இருக்கு, ஆனா ஸ்குரூ அரிசி மணி அளவு, ஹார்ட்வேர் கடை ஸ்குரூ டிரைவர் எதுவும் நொழையாது, கண்ணாடிக் கடைக்காரர்கிட்டதான் போகணும். பூச்சியம் ரெண்டு சேர்ந்த 00 பட்டன் மத்ததை விட கொஞ்சம் இறுக்கம். ஸ்கிரீன் நிமிர்த்தி வைக்கிற மாதிரி சாய்வா இருக்கிறது நல்லது, கழுத்து வலிக்கல.

கடை சேவைக்கு வந்தா, பீஸ மாத்தித் தந்தாங்க, அது பெரிய விஷயம். வாரன்டி கார்ட் கேட்டதுக்கு "அண்ணே இதுக்கெல்லாம் வாரன்டி எங்கண்ணே, நீங்க அவ்வளவு நேரம் தட்டிப் பார்த்தீங்களே அதுதான் வாரன்டி"ன்னு தம்பி சொன்னான், பில்லும் ரெண்டு தடவை கேட்ட பொறவுதான் எழுதிக் குடுத்தாங்க. அஞ்சுக்கு மூணரை குடுக்கலாம், மெஷினுக்கு நாலு, அந்த தாளுக்கும் வாரன்டிக்கும் சேர்த்து அரை வெட்டு.

நீங்க போய் வாங்கினா 963761198400 அடிச்சுப் பாருங்க, 12 இலக்கத்துக்குள்ள இருக்கிற எண்கள்ல இதை விட கூடுதலா காரணி வச்ச நம்பர் கெடையாது, 6720, அதுல 4ம் 7ம் ரெண்டு பட்டனும் வந்துடுது. 64ஆல வகுத்து, 81, 25, 7, 11, 13, 17, 19, 23ன்னு வரிசையா எறங்கினா 1ல வந்து நிக்கணும், நிக்கலன்னா அந்த பீஸ வேணாம்னு சொல்லிடுங்க. வெள்ளை கலர் எடுக்காதீங்க, கொழுந்து நிறுக்கிற எடத்துல இருந்து வர்ற கையோட தொட்டா கறை ஏறும், கறுப்புல ரெண்டு மூணு பீஸ் உள்ளுக்கு அலமாரியில கெடந்திச்சு.